கைமுதலும் அச்சமும்

(அண்ணனூரில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பணம் வைத்து ஆடும் ஆட்டமொன்றில் சிறு தொகைக்கு ஆடித் தேறிய ஒருவர் அதைவிடப் பெரிய தொகைக்கு ஏறும்போது, கையிலிருக்கும் சீட்டு அதே சீட்டாகவும் எதிரே இருப்பவர் ஆடுவது அதே ஆட்டமாகவும் இருந்தும், உள்ளங்கை வியர்ப்பதும் முன்பு தயங்காமல் எடுத்த முடிவை எடுக்க இயலாமல் தடுமாறுவதும் அத்துறையில் பழகியவர் அனைவரும் அறிந்த செய்தி. இந்த அச்சத்தை வெல்வது எப்படி என்று கேட்பதற்கு முன், அதை வெல்லத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அச்சம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு நிலைகள் அடங்கியுள்ளன என்பதும், அவற்றுள் ஒன்றுக்கு அடங்கி நடப்பதே அறிவுடைமை, மற்றொன்றை மட்டுமே பயிற்சியால் களைய இயலும் என்பதும் இவ்வுரையின் கருத்து.

எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் ஆட்டம் போக்கர்; அதிலும் உலகெங்கும் பரவலாக ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெம் என்னும் வகை. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் பிறர் காணாதபடி இரண்டு சீட்டுகள் தரப்பட்டு, அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மேசை நடுவே படிப்படியாகத் திறக்கப்படும். இவ்வேழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவரோ, மற்றவர் அனைவரும் சீட்டைக் கவிழ்த்து விலகிய பின் எஞ்சி நிற்பவரோ நடுவில் குவிந்த பணத்தை எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை பிளைண்ட் எனப்படும். அவ்விரண்டில் பெரியதைக் கொண்டுதான் மேசையின் உயரம் அளக்கப்படுகிறது. பெரிய பிளைண்ட் 20 ரூபாயாக உள்ள மேசையில் அதன் நூறு மடங்கான 2,000 ரூபாயுடன் அமர்வது வழக்கமென்றால், 200 ரூபாய் மேசையில் அமர 20,000 ரூபாய் வேண்டும். ஆட்டத்துக்கென்றே ஒதுக்கி வைத்த மொத்தப் பணத்தை ஆங்கிலம் வழங்கும் ஆட்டக்காரர்கள் பேங்க்ரோல் என்பர். தமிழில் வணிகர் வாயில் நெடுங்காலமாக வழங்கும் கைமுதல் என்ற சொல் அதற்கு முற்றும் பொருந்துவதால் இவ்வுரை அதையே கையாள்கிறது.

அச்சம் ஆட்டத்துக்குள் புகும் இடத்தை ஒரே ஒரு சுற்றில் காட்டலாம். 20 ரூபாய் மேசையில் நடுவில் 400 ரூபாய் குவிந்திருக்க, கடைசிச் சீட்டும் திறந்த பின் எதிராளி 200 ரூபாய் வைக்கிறார் என்று கொள்க. அதற்கு ஈடு கட்டுபவர் 200 ரூபாய் தந்து மொத்தம் 800 ரூபாய்க்கு உரிமை கோருகிறார். ஆகவே நான்கில் ஒரு முறைக்கு மேல் தம் சீட்டு வெல்லும் என்று கணிப்பாரானால் ஈடு கட்டுவதே சரியான முடிவு. 200 ரூபாய் மேசையில் இதே நிலை வந்தால் நடுவில் 4,000, எதிராளி வைப்பது 2,000, வேண்டிய வெற்றி அளவு அங்கும் நான்கில் ஒன்றே. கணக்கில் இம்மியும் மாற்றமில்லை. ஆனால் கீழ் மேசையில் எதிராளி ஏய்க்கிறார் என்று உணர்ந்து தயங்காமல் 200 ரூபாய் கட்டியவர், மேல் மேசையில் 2,000 ரூபாய் என்ற எண்ணைக் கண்டதும் அது இத்தனை நாள் சம்பளம், இந்த மாதத்து மின்கட்டணம் என்று மனத்துக்குள் பெயர்த்துப் பார்த்துச் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார். இவர் இவ்வாறு விலகுபவர் என்பதை எதிராளி சில சுற்றுகளிலேயே கண்டுகொள்வதால், மேலும் மேலும் ஏய்த்துப் பறிக்கிறார். இழப்புக்கு அஞ்சியதே இழப்புக்குக் காரணமாகிவிடுகிறது.

இந்த அச்சத்தை உளவியலார் அளக்க முயன்றிருக்கின்றனர். டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், மனிதர் ஒரு தொகையைப் பெறுவதால் அடையும் நிறைவைவிட அதே தொகையை இழப்பதால் படும் துன்பம் மிகுதி என்று காட்டினர். 1992இல் அவர்கள் தந்த மதிப்பீட்டின்படி அந்தத் துன்பத்தின் எடை ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு. இதற்கு வெகு முன்பே, 1738இல், டேனியல் பெர்னூலி ஒரே தொகை செல்வரிடத்தும் வறியவரிடத்தும் ஒரே எடை கொள்வதில்லை என்று கணிதமுறையில் நிறுவியிருந்தார். பெர்னூலி கூறியது வெறும் மனநிலையன்று என்பதையும், அச்சத்தின் முதல் வகை கணக்கிலேயே வேர்கொண்டது என்பதையும் இங்குச் சற்று விரித்துப் பார்ப்பது தகும்.

திறமையான ஆட்டக்காரர் ஒருவர் நூறு சுற்றுக்குச் சராசரியாக ஐந்து பெரிய பிளைண்ட் ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல ஈட்டம். ஆனால் சீட்டு விழும் விதத்தால் வரும் ஏற்ற இறக்கம், அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவைக் குறிக்கும் திட்டவிலக்கம், நூறு சுற்றுக்கு 90 பிளைண்ட் அளவில் இருப்பது இவ்வாட்டத்தின் இயல்பு. பத்தாயிரம் சுற்றுகளுக்குப் பின் இவர் எதிர்பார்க்கத்தக்க ஈட்டம் 500 பிளைண்ட், திட்டவிலக்கமோ 900. எனவே இத்தனை சுற்றுகளைத் தவறின்றி ஆடிய பின்னும் இவர் நட்டத்தில் நிற்பதற்குப் பத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. கைமுதல் முழுவதும் கரைந்துபோகும் வாய்ப்பையும் இவ்வெண்களிலிருந்தே கணிக்கலாம்: கைமுதலாக 2,000 பிளைண்ட், அதாவது இருபது முறை மேசையில் அமரும் பணம், உள்ளவருக்கு அது நூற்றுக்கு எட்டரை, நாற்பது முறைக்குப் பணம் உள்ளவருக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, பத்து முறைக்கே பணம் உள்ளவருக்கு நூற்றுக்கு 29.

இனி இருபது முறைக்குப் பணம் வைத்திருக்கும் அதே ஆட்டக்காரர், அதாவது 20 ரூபாய் மேசையில் 40,000 ரூபாய் கைமுதலுடன் ஆடிவந்தவர், 40 ரூபாய் மேசைக்கு ஏறுகிறார் என்க. பணம் அதுவே, பிளைண்ட் கணக்கிலோ அது 1,000 ஆகச் சுருங்கிவிட்டது. மேல் மேசையில் எதிராளிகளும் தேர்ந்தவர்கள் என்பதால் நூறு சுற்றுக்கு ஐந்தாக இருந்த ஈட்டம் மூன்றாகக் குறைகிறது என்று கொண்டால், கைமுதல் தீர்ந்துபோகும் வாய்ப்பு எட்டரையிலிருந்து ஏறத்தாழ 48க்குத் தாவுகிறது. ஒரு படி ஏறியதற்கு இவ்வளவு விலை. அவ்வேளையில் அவர் உள்ளங்கை வியர்க்குமானால், அவர் மனம் அறியாத இந்தக் கணக்கை உடல் ஒருவாறு அறிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அவரிடம் துணிவு கொள்க என்று ஊக்கவுரை கூறுவது அவருக்குச் செய்யும் தீங்கு. கைமுதலைப் பெருக்கிக்கொண்டு ஏறுவதும், ஏறும் முன்பே இந்த அளவு போனால் கீழிறங்குவேன் என்று வரம்பிட்டுக்கொண்டு ஏறுவதும், வரம்பை எட்டியதும் வெட்கமின்றி இறங்குவதும் தவிர இவ்வகை அச்சத்துக்கு வேறு மருந்தில்லை. இறங்குவதை இழிவாகக் கருதும் மனமே பலரை மேல் மேசையில் கட்டிப்போட்டுக் கடைசி ரூபாய் வரை உறிஞ்சியிருக்கிறது.

மேற்கண்ட கணக்கு முழுவதும் ஈட்டம் உள்ளவருக்கே உரியது என்பதையும் மறந்துவிடலாகாது. ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு குவியலிலிருந்தும் தம் பங்கைக் கழித்துக்கொள்வதால், ஆடுபவர் அனைவரின் பணத்தையும் கூட்டினால் அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். ஆகவே சராசரி ஆட்டக்காரர் நட்டமடைபவராகவே இருக்க முடியும். அவருக்குக் கைமுதல் எவ்வளவு இருந்தாலும், ஆடிக்கொண்டே இருப்பாரானால் அது தீர்வது உறுதி. எப்போது என்பதொன்றே எஞ்சும் வினா.

கைமுதல் எது என்ற கேள்விக்கு அண்ணனூர் போன்ற ஊரில் நின்று விடை சொல்வது எளிது. மின்தொடர் வண்டிப் பணிமனையிலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளிலும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் குடும்பங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் ஏலச்சீட்டு அறியாத வீடு அரிது. இருபது பேர் இருபது மாதம் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் மாதத் தவணை 5,000. ஐந்து லட்சச் சீட்டில் 25,000. ஒரு லட்சச் சீட்டைக் குறையின்றிக் கட்டி முடித்த பெண்ணொருவர் ஐந்து லட்சச் சீட்டில் சேருமாறு அழைக்கப்படும்போது உடனே தலையசைக்காமல், கணவருக்கு மூன்று மாதம் வேலை இல்லாமற்போனால் தவணை எங்கிருந்து வரும் என்று எண்ணிப் பார்த்துத் தயங்குவாரானால், அத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லார். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டுத் தவணை, மருந்துச் செலவு ஆகியவற்றுக்குப் போக, முழுவதும் அழிந்தாலும் அடுப்பு எரிவது நிற்காது என்ற அளவில் மிஞ்சுவதே கைமுதல். சம்பளம் கைமுதலன்று, கடன் வாங்கிய பணம் ஒருபோதும் கைமுதலாகாது.

தமிழ்நாட்டில் இணையவழி ரம்மியிலும் போக்கரிலும் பணத்தை இழந்தவர் பலரும் இந்த வேறுபாட்டை அறியாமல் அல்லது அறிந்தும் பேணாமல் வீழ்ந்தவர்களே. கடன் மேல் கடன் வாங்கி ஆடித் தற்கொலை செய்துகொண்டோர் செய்திகள் தொடர்ந்து வந்ததன் பின்னணியில்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அரசுக்கு அறிக்கை அளித்தது. முன்னதாக மாநில அரசு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நீக்கியிருந்தது. அறிக்கைக்குப் பின் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற புதிய சட்டத்திலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட பகுதி செல்லாதென்று அதே நீதிமன்றம் 2023 நவம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. திறமையின் பங்கு மேலோங்கியது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அது போக்கரைப் பொறுத்தவரை உண்மையே. எனினும் திறமை மேலோங்கிய ஆட்டத்திலும் திறமையற்றவரின் பணம் திறமையுள்ளவரிடம் போய்ச் சேர்வது விரைவாகுமேயன்றித் தடைப்படாது என்பதும் உடன் சொல்லத்தக்கது. 2025 பிப்ரவரியில் வகுக்கப்பட்ட மாநில விதிமுறைகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாதென்று விதித்தன. உறக்கம் கெட்டு, இழந்ததை விடிவதற்குள் மீட்டுவிட வேண்டுமென்று தவிக்கும் நேரத்தில் முதலில் மழுங்குவது கணக்கறிந்து எழும் அச்சமே என்பதால், அவ்விதி மனித இயல்பை நன்கறிந்து வகுத்த விதி என்று பாராட்டத் தோன்றுகிறது. பின்னர் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நடுவணரசின் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடைசெய்தது. ஆகவே இவ்வுரையில் வரும் ரூபாய்க் கணக்குகள் எவரையும் மேசைக்கு அழைப்பன அல்ல. அச்சத்தின் இயல்பை விளக்குவன.

அச்சமே இல்லாத நிலை எத்தகையது என்பதை நம் மரபு நளன் கதையில் கூர்ந்து காட்டியிருக்கிறது. புட்கரனோடு சூதாடிய நளன், அமைச்சரும் குடிகளும் அரண்மனை வாயிலில் வந்து நின்றும், மனைவி தமயந்தி மன்றாடியும், செவிசாய்க்காமல் பொன்னையும் தேரையும் நாட்டையும் ஒவ்வொன்றாக வைத்து இழந்தான். அவனுள் கலி புகுந்திருந்தான் என்கிறது கதை. அஞ்சாமல் ஆடுவதைத் துணிவென்று கொள்ளாமல், வேறொன்று உள்ளே புகுந்து ஆட்டுவிக்கும் நிலையாகக் கண்ட அப்பார்வை ஆழமானது. பின்னர் வாகுகன் என்னும் பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தபோது, வழியில் நின்ற தான்றி மரத்தின் இலையும் காயும் இத்தனை என்று அம்மன்னன் பார்த்த மாத்திரத்தில் கூற, நளன் தேரை நிறுத்தி மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்து அது பொருந்தக் கண்டு வியந்து, தன் குதிரைக் கலையைக் கொடுத்து எண்ணும் கலையையும் சூதின் மறைபொருளையும் பெற்றுக்கொண்டான் என்று மகாபாரதத்தின் வனபருவம் கூறுகிறது. தான்றிக் காய்களே அக்காலத்தில் சூதாடு கருவியாகவும் பயன்பட்டமையால், மரத்தின் காய்களை மதிப்பிடும் திறனும் சூதாடும் திறனும் ஒன்றாகச் சொல்லப்பட்டது தற்செயலன்று. வாய்ப்புக் கணக்கின் வரலாற்றை ஆராய்ந்த இயன் ஹாக்கிங் இக்கதையைத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார். அந்த அறிவு வந்த கணமே கலி அவனை விட்டு நீங்கினான். மீண்டும் புட்கரனோடு ஆடி ஒரே எறிதலில் நாட்டை வென்றான். முதல் ஆட்டத்தில் தமயந்தியை வைக்க மறுத்து எழுந்தவன், இரண்டாம் ஆட்டத்தில் அவளையும் பந்தயத்தில் சேர்த்தான் என்பது மனத்தை உறுத்தும் செய்தி. எத்தனை அறிவு வாய்த்திருந்தாலும் ஒருவர் தமக்கு உரியதல்லாத ஒன்றைப் பந்தயத்தில் வைக்க உரிமையற்றவர். கதை அவனை மன்னித்திருக்கலாம், இவ்வுரை மன்னிக்கவில்லை.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. சுவீடனைச் சேர்ந்த விக்டர் புளோம் என்னும் இளைஞர் 2009இல் இணையப் போக்கரின் மிக உயர்ந்த மேசைகளுக்கு அஞ்சாமல் ஏறி, உலகின் முன்னணி ஆட்டக்காரர்களை ஒரே நேரத்தில் பல மேசைகளில் எதிர்த்துப் பெரும்பொருள் ஈட்டியவர். அவ்வாண்டு டிசம்பரில் பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்பவரிடம் ஒரே அமர்வில் ஏறத்தாழ 42 லட்சம் டாலரை இழந்தார். அவருடைய திறமையை எவரும் ஐயுறவில்லை. குறைந்திருந்தது கைமுதலுக்கும் மேசைக்கும் உள்ள பொருத்தம்.

கணக்கு சரியாக இருந்து, கைமுதலும் போதுமானதாக இருந்து, அப்போதும் எஞ்சும் நடுக்கமே இரண்டாம் வகை அச்சம். இதை ஆராயப் பணம் வைத்து ஆடாத ஆட்டமே ஏற்றது; அதற்கு நல்ல சான்று இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உருவானது. மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயாவில் படித்த தொ. குகேஷ், 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று வியப்பூட்டியவர்; இந்தியாவின் இரண்டாம் அணிக்குத் தங்கம் எட்டும் தொலைவில் இருந்த பத்தாம் சுற்றில், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுக்கு எதிராக வெல்லத்தக்க நிலையில் இருந்தும், நேரம் குறைந்த நெருக்கடியில் தவறிழைத்துத் தோற்றார். அணிக்கு வெண்கலமே கிடைத்தது. சதுரங்கத்தில் சீட்டு விழும் விதம் என்ற மறைவிடம் இல்லை. தோல்வி முழுவதும் ஆடியவரையே சாரும். மகனோடு போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தந்தை தம் மருத்துவப் பணியை நிறுத்தியிருந்த குடும்பத்தில் அத்தோல்வி எத்தனை எடை கொண்டிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டி, உலகப் பட்டத்துக்கு மோதும் உரிமையைத் தீர்மானிப்பது. அதன் ஏழாம் சுற்றில் அலிரேசா பிரூஜாவிடம் குகேஷ் மீண்டும் நேர நெருக்கடியில் தோற்றார். மாமல்லபுரத்தின் நிழல் அங்கே படிந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஓய்வு நாளுக்குப் பின் அவர் தளராமல் ஆடி, 14இல் 9 புள்ளிகளுடன் போட்டியை வென்றார். தாம் வெல்லக்கூடும் என்ற உணர்வு அத்தோல்விக்குப் பின்தான் வந்தது என்று பின்னர்ச் சொன்னார். பந்தயம் உயரும்போது மனம் முடிவைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிக் கண்ணெதிரே உள்ள நகர்த்தலை விட்டுவிடுகிறது. இழப்பு ஒருமுறை நேர்ந்தும் உலகம் அழிந்துவிடவில்லை என்று கண்ட பின் மனம் நகர்த்தலுக்குத் திரும்புகிறது. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு பணிபுரிந்த மனப்பயிற்சியாளர் பேடி அப்டன் உலகப் பட்டப் போட்டிக்காக அவருக்குத் துணைநின்றதும், இத்தகைய நடுக்கம் பழக்கத்தால் சீர்படக்கூடியது என்ற நம்பிக்கையில்தான்.

அந்தப் போட்டி சிங்கப்பூரில் 2024 நவம்பர் 25 அன்று தொடங்கியது. பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் முனைந்து தாக்கிய குகேஷ், அப்போது உலகப் பட்டத்தை வைத்திருந்த டிங் லிரெனிடம் தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் வென்று சமன்செய்தார். பதினொன்றில் வென்று பன்னிரண்டில் தோற்றார். டிசம்பர் 12 அன்று, புள்ளிகள் ஆறரைக்கு ஆறரை என்று நிற்க, கடைசியான 14ஆம் ஆட்டம் நடந்தது. இரு பக்கமும் ஒரு யானையும் ஒரு மந்திரியும் எஞ்சியிருக்க, கறுப்பில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். சரியாகத் தற்காத்தால் சமநிலையில் முடியும் நிலை அது. சமநிலையானால் மறுநாள் விரைவு ஆட்டங்கள். அங்கே பின்வாங்குவதும் எளிது, பொறுமையிழந்து பாய்வதும் எளிது. தம் பக்கத்தில் தோற்கும் இடர் ஏறத்தாழ இல்லை என்பதைக் குகேஷ் அறிந்திருந்தார். அதனால்தான் அவரால் அவசரமின்றி ஒவ்வொரு நகர்த்தலாக எதிராளியிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க முடிந்தது. முதல் அச்சத்துக்கு இடமில்லாத நிலையைத் தேர்ந்துகொண்டு, இரண்டாம் அச்சத்தை வேலையில் ஆழ்ந்து கரைத்த ஆட்டம் என்று அதைச் சொல்லலாம். 55ஆம் நகர்த்தலில் டிங் லிரென் தம் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்துக் காய்மாற்றத்துக்கு அழைத்தார். யானைகள் வெட்டுண்டதும் குகேஷ் மந்திரியையும் எதிர்நிறுத்தி மாற்ற வைத்து, அரசனும் சிப்பாய்களுமே எஞ்சும் முடிவாட்டத்தை வென்று, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் 18 வயதில் உலகப் பட்டம் பெற்றார். அதற்கு முன் மிக இளம் வயதில் வென்றவர் 1985இல் 22 வயதினராக இருந்த காஸ்பரோவ்.

பயிற்சியால் களையத்தக்க அச்சம் இதுவே. 12 வயதில் கிராண்ட்மாஸ்டரானவர் 18 வயது வரை ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் தோற்றுத் தோற்றுப் பழகிய பின் கைவந்த அமைதியை, மூன்று மாதம் கைப்பேசியில் சீட்டாடிய ஒருவர் அடுத்த மாத வாடகையைப் பந்தயத்தில் வைத்துக்கொண்டு அடைந்துவிட இயலாது. அவர் அடைவது நளனுள் கலி புகுந்தபோது இருந்த அச்சமின்மையாகவே இருக்கும். அத்தகையவர் வீட்டில் உள்ளோர் செய்யத்தக்க உதவி, அவருடைய கணக்கை அவரோடு அமர்ந்து தாளில் எழுதிப் பார்ப்பது: கடன் எவ்வளவு, தவணை எவ்வளவு, உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு என்ற மூன்று வரிகள் போதும். மூன்றாம் வரியில் ஏதும் எழுத இயலாதபோது அவருக்கு மீண்டும் அச்சம் எழுமானால், அதை ஆற்ற முயலாமல் அவ்வச்சத்துடனேயே அவரை இருக்க விடுவது நல்லது.